பழுவேட்டரையர் கெட்டவரா? பொன்னியின் செல்வனும் கல்வெட்டுகளும்



நம் சங்க நூலக அலமாரியில் ஓரிடத்தில் நிற்காத புத்தகம் ஒன்று உண்டென்றால் அது பொன்னியின் செல்வன்தான். முதல் பாகம் ஒரு வீட்டில் இருக்கும், மூன்றாம் பாகம் இன்னொரு வீட்டில் இருக்கும், நான்காம் பாகத்துக்கு இரண்டு பேர் காத்திருப்பார்கள். 2022-லும் 2023-லும் படம் இரண்டு பகுதிகளாக வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். ஐந்து பாகத்தையும் முடித்தவர்கள் எல்லோருக்கும் கடைசியில் ஒரே கேள்விதான் வருகிறது: "இதில் எது நிஜம், எது கல்கியின் கற்பனை?"

இந்த இதழில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கதையின் சுவையைக் கெடுப்பது நோக்கமல்ல. கதையில் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த மண்ணில் வாழ்ந்து, கோயில் கட்டி, தானம் எழுதி வைத்துப் போனவர்கள். அவர்களைப் பற்றி நாம் சொல்கிற நல்லதும் கெட்டதும் நாவலிலிருந்து மட்டுமே வருகிறது என்றால், அவர்களுக்கு நாம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

வாரா வாரம் வந்த சோழ நாடு

பொன்னியின் செல்வன் புத்தகமாகப் பிறந்ததல்ல. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல் தொடராக வந்தது. அதற்கு முன்பே பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம் என்று இரண்டு சரித்திரத் தொடர்களால் கல்கி வாசகர்களைப் பழக்கி வைத்திருந்தார். மணியம் வரைந்த படங்களோடு வந்த பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டுப் பரணிலோ ஊரில் அத்தை வீட்டு அலமாரியிலோ அப்படி ஒரு தொகுப்பு இன்னும் இருக்கலாம். இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

தொடருக்கென்று ஒரு தர்மம் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு விழ வேண்டும், அடுத்த வாரம் வரை வாசகர் அதை மறக்கக் கூடாது. அதற்கு ரகசியம் வேண்டும், சதி வேண்டும், சுரங்கப்பாதை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகப்படுவதற்கு ஆள் வேண்டும். அரச குடும்பத்துக் கதை என்றால் இதற்குக் குறைவே இல்லை. அரியணை ஒன்று, உரிமை கொண்டாட மூன்று இளவரசர்கள், படுக்கையில் கிடக்கும் அரசர், வெளியே காத்திருக்கும் குறுநில மன்னர்கள். இதில் கல்கிக்குக் கூடுதல் வசதி ஒன்றும் இருந்தது. நடுவில் நடந்த கொலை உண்மையாகவே நடந்தது. ஏன் நடந்தது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

ஒரு கொலையும் ஒரு நிலப் பத்திரமும்

கதை எங்கே தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? ஆடிப்பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை மேல் வரும் வந்தியத்தேவனோடு. அந்த ஏரி முதல் பராந்தக சோழர் காலத்தில் வெட்டப்பட்டு அவருடைய பட்டப்பெயரையே தாங்கியது. இன்று அதன் பெயர் வீராணம். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வரும் குடிநீர் அந்த ஏரித் தண்ணீர்தான். மெட்ரோ வாட்டர் வரவில்லை என்று நம் வாட்ஸ்அப் குழுவில் புகார் எழும்போதெல்லாம் நாம் பராந்தகரின் ஏரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்!

அந்த ஏரிக்குப் பக்கத்து ஊர் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 987 வாக்கில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நேரடிச் சான்று இதுதான். பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகள் ஆனவர்கள் என்று அது சிலரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன், மலையனூரான். ஆம், மந்திரவாதி ரவிதாசன் என்று நீங்கள் நாவலில் பார்த்த அதே பெயர். கல்வெட்டில் அவர் மந்திரவாதி அல்லர். பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்ற உயர்ந்த பட்டம் பெற்ற அதிகாரி. பரமேசுவரனுக்கும் இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று அரச பட்டம் இருக்கிறது. பிரம்மாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசு கொடுத்த பட்டம். காட்டிலே தீ மூட்டிச் சபதம் எடுத்த கூட்டமாக இவர்களைக் காட்டியது நாவல். கல்வெட்டோ இவர்களை அரண்மனைக்கு உள்ளேயே போய்வந்த மனிதர்களாகக் காட்டுகிறது.

ஆனால் அந்தக் கல்வெட்டு கொலை விசாரணை அறிக்கை அல்ல. நம் பாஷையில் சொன்னால் அது ஒரு சொத்துப் பத்திரம். துரோகிகளுடைய நிலங்களைக் கைப்பற்றி விற்கும்படி அரசன் ஊர்ச் சபைக்கு ஓலை அனுப்புகிறான். சபை அப்படியே செய்கிறது. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு எழுதி வைக்கிறார். ஃபிளாட் வாங்கும்போது தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று நாம் அலைகிறோமே, அதுபோல இந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்று பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று முன்கதையையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த முன்கதைக்குள் ஒரு இளவரசனின் கொலை அகப்பட்டிருக்கிறது.

இதில் படிக்கிறவரை நிறுத்தி வைக்கும் இன்னொரு செய்தி உண்டு. பறிமுதல் கொலையாளிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய தம்பிமார், பிள்ளைகள், மனைவியர், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமனார்கள், அவர்களுடைய சகோதரிகளை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. கொலை நடந்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்து, சித்தப்பா செய்த குற்றத்துக்காக நிலத்தை இழந்த பிள்ளை ஒன்று அந்த ஊரில் இருந்திருக்கும். எந்தத் தொடரிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு அத்தியாயம் இல்லை. அரச குடும்பத்துக் கதைகளைப் படிக்கும்போது நம் கண் இளவரசர்கள் மேலேயே இருக்கிறது. அரியணைச் சண்டைக்குக் கட்டணம் கட்டியவர்கள் யார் என்பதைச் சபைக் கணக்குதான் காட்டுகிறது.

அரண்மனை சொன்ன கதை

சரி, அரண்மனை இந்தக் கொலையைப் பற்றி என்ன சொன்னது? ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் சோழர் குலத்தின் வரலாறு விரிவாக இருக்கிறது. ஆதித்தன் பாண்டியனை வென்ற பெருமையைச் சொல்லிவிட்டு, சொர்க்கத்தைக் காணும் ஆசையால் அவன் மறைந்தான் என்று முடித்துவிடுகிறார் அரசவைப் புலவர். கொலை என்ற பேச்சே இல்லை. பிறகு, குடிமக்கள் அருண்மொழியை அரசேற்கச் சொன்னதாகவும், சிறிய தந்தைக்கு அரசாள விருப்பம் இருந்ததால் அவன் மறுத்து விட்டுக்கொடுத்ததாகவும் சொல்கிறார். அந்தச் சிறிய தந்தைதான் உத்தம சோழர்.

ஆக ஒரே சம்பவத்துக்கு இரண்டு ஆவணங்கள். குடும்பத்தின் பெருமைக்காக எழுதிய செப்பேடு கொலையை மறைக்கிறது. நில விற்பனைக்காக ஒரு கிராமச் சபை வெட்டிய கல் அதைச் சொல்லிவிடுகிறது. வலிமை மிக்க குடும்பம் தன் கதையைத் தானே எழுதும்போது எதை விட்டுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தரலாம்.

அந்த ஒரு வரியை வைத்துத்தான் உத்தம சோழர் மேல் பழி வந்தது. 1930-களில் வெளிவந்த தம் சோழர் வரலாற்றில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், அரசாசை கொண்ட உத்தமருக்கு இந்தக் கொலையில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். கொலையாளிகளின் சொத்து ராஜராஜன் வந்த பிறகுதானே பறிபோனது என்பதும் அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. பிற்காலச் சோழர் சரித்திரம் எழுதிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டை மறுபடி படித்து, அது நில விற்பனையைப் பற்றிய ஆவணம், தண்டனை அந்த ஆண்டில்தான் கொடுக்கப்பட்டது என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது என்று எடுத்துக்காட்டினார். வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.

ஒருவரை இருவராக்கிய கல்கி

நாவலை இன்னும் முடிக்காதவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.

உத்தம சோழரின் தாயார் செம்பியன் மாதேவி. கண்டராதித்தரின் மனைவி. கணவர் காலமான பின் பல ஆண்டுகள், செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுத்துக் கட்டுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர். கோனேரிராஜபுரம் கோயில் சுவரில் கண்டராதித்தர் சிவனை வழிபடுவதாகச் சிற்பம் செதுக்க வைத்தார். திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதிலிருந்த பழைய கல்வெட்டுகள் அழிந்துபோகாமல் புதுச் சுவரில் படியெடுக்கச் செய்தார். இப்படிப்பட்ட தாயின் மகன் அண்ணன் பிள்ளையைக் கொல்லத் துணை போவானா? செப்பேடு சொல்லும் ஆசைக்காரரையும் இந்தத் தாயின் மகனையும் ஒரே ஆளாகக் கற்பனை செய்வது கடினம். கல்கி என்ன செய்தார் தெரியுமா? இரண்டு ஆளாகவே ஆக்கிவிட்டார். அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் ஒருவன், ஆசையே இல்லாத பூக்காரச் சேந்தன் அமுதன் இன்னொருவன். வரலாற்றாசிரியர்களால் அவிழ்க்க முடியாத முடிச்சைத் தொடர்கதைக்காரர் இப்படி வெட்டிவிட்டுப் போனார். சாமர்த்தியமான தீர்வுதான். அது கதையின் தீர்வு என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

கல்வெட்டுகளில் ஒரே உத்தம சோழர்தான். ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டார், தம் பெயரில் காசு வெளியிட்டார். அவருடைய மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரியாக மரியாதையோடு இருந்தான். செம்பியன் மாதேவியின் திருப்பணிகளும் ராஜராஜன் காலத்தில் தொடர்ந்தன. ராஜராஜன் தன் சொந்த மகனுக்கு வைத்த பெயரும் மதுராந்தகன்தான். அவனே பின்னால் ராஜேந்திரன் ஆனான். இதெல்லாம் உத்தமர் நிரபராதி என்று நிரூபித்துவிடாது. ஆனால் பகை பொங்கிய குடும்பத்தின் அடையாளமாக இது தெரியவில்லை.

ஒரு வரியில் இருந்த நாயகன்

நமக்கெல்லாம் பிடித்த வந்தியத்தேவனுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை தன்னை ராஜராஜனின் தமக்கை என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றும் சொல்லிக்கொள்கிறார். அவரைப் பற்றி வேறு சில குறிப்புகள் இருந்தாலும், ஓலை கொண்டு சென்றதோ கோட்டைச் சுவர் ஏறிக் குதித்ததோ எங்கும் இல்லை. மனைவியின் தானத்தில் வரும் ஒரு பெயரை எடுத்து, அதற்குக் குதிரை கொடுத்து, குறும்பு கொடுத்து, ஐந்து பாகம் ஓட வைத்தது கல்கியின் கைவண்ணம். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி எல்லோரும் முழுக்க முழுக்கக் கற்பனை. அமைச்சர் அநிருத்த பிரமராயர் நிஜம். சுந்தர சோழர் அவருக்கு நிலம் கொடுத்த அன்பில் செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன.

குந்தவையோ நாவலில் பார்ப்பதைவிட நிஜத்தில் இன்னும் பெரியவர். தந்தைக்கும் தாய்க்கும் பெரிய கோயிலில் திருமேனி எடுத்து வைத்தார். தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எழுப்பினார். தந்தை பெயரில் தஞ்சையில் இருந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் கொடுத்தார். நாவலின் குந்தவை தம்பியை அரசனாக்கத் திட்டம் போடுகிறார். கல்வெட்டின் குந்தவை வயதான காலத்திலும் நோயாளிகளுக்குக் கணக்கு எழுதி வைக்கிறார். எனக்கு இரண்டாமவரைத்தான் அதிகம் பிடிக்கிறது. நீங்கள் மாறுபடலாம்.

பழுவூர்க்காரர்களுக்கு ஒரு நியாயம்

இனி தலைப்புக் கேள்வி. 24 போர், 64 விழுப்புண், வயதான காலத்தில் இளம் மனைவி, நள்ளிரவில் மூடுபல்லக்கு, ரகசியக் கூட்டம். பெரிய பழுவேட்டரையர் என்றதும் நமக்கு வருவது இதுதான். கல்கி கடைசியில் அவருக்குப் பெரிய மனிதராகவே விடை கொடுத்தார் என்பது உண்மை. ஆனாலும் நம் நினைவில் தங்கியது சதிகாரர்தான்.

அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பழுவேட்டரையர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆண்டார்கள். அவர்கள் எடுத்த அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்ற இரட்டைக் கோயில் அழகான முற்காலச் சோழர் கோயில்களில் ஒன்று. முதல் பராந்தகர் பழுவேட்டரையர் வீட்டில் பெண் எடுத்தார். அந்த அம்மையாருக்குப் பிறந்தவர் அரிஞ்சயர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். அதாவது ஆதித்த கரிகாலனுக்கும் குந்தவைக்கும் ராஜராஜனுக்கும் கொள்ளுப்பாட்டி பழுவூர் வீட்டுப் பெண்! பராந்தகர் வெள்ளூரில் பாண்டிய, ஈழப் படைகளோடு மோதியபோது பழுவேட்டரையன் கண்டன் அமுதன் சோழருக்காகப் போரிட்டான்.

மிக முக்கியமானது இது: ஆதித்தன் கொலைக்குப் பிறகும், ராஜராஜன் அரியணை ஏறிய பிறகும் பழுவேட்டரையர் கல்வெட்டுகள் தொடர்கின்றன. உறவுக்காரரின் மாமனார் நிலத்தைக்கூட விட்டுவைக்காத அரசு, பழுவூரைத் தொடவில்லை. கொலையில் அவர்களுக்குப் பங்கிருப்பதாகச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவியே பழுவூர் அவனிகந்தர்ப்பபுரத்தோடு தொடர்புடையவர். அவருடைய பள்ளிப்படைக் கோயில் பட்டீசுவரம் அருகே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு நின்ற நல்ல பெயரை ஒரு நல்ல தொடர்கதை மூன்றரை ஆண்டில் மாற்றிவிட்டது. எழுத்துக்கு இருக்கும் வலிமை அப்படி.

அப்படியானால் எப்படிப் படிப்பது?

கல்கிக்குப் பிறகு இந்த வரிசை நீண்டுகொண்டே போனது. ராஜேந்திரனைப் பற்றி அகிலன் எழுதிய வேங்கையின் மைந்தன் 1963-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. சாண்டில்யனின் யவன ராணியும் கடல் புறாவும் குமுதம் வாசகர்களை ஆண்டுக்கணக்கில் கட்டி வைத்தன. பொன்னியின் செல்வன் விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினார். பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம் போனது. எல்லாவற்றையும் படியுங்கள். சோழன் என்றால் பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் என்றிருந்த நிலையை மாற்றி, கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆவலோடு பார்க்க வைத்தது இந்தத் தொடர்கள்தான். அந்த நன்றி எப்போதும் உண்டு.

படித்து முடித்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் பற்றி இரண்டு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். இவர் நிஜமாக வாழ்ந்தவரா? வாழ்ந்தவர் என்றால், இந்தக் குணமும் குற்றமும் எங்கே எழுதியிருக்கிறது? பதில் நாவலில் மட்டும்தான் இருக்கிறது என்றால், ரசியுங்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் வரலாறாக அனுப்பாதீர்கள். பிள்ளைகளோடு சாப்பாட்டு மேசையில் விளையாட்டாகவே இதைச் செய்யலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைகூட நன்றாக வாதாடும்.

அடுத்த நீண்ட விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினால், வீராணம் கரை, உடையார்குடி, பிறகு பழுவூர், அங்கிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சை என்று இரண்டு நாளில் பார்த்துவிடலாம். கல்வெட்டு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. அனந்தீசுவரர் கோயில் சுவருக்கு முன் நின்று, இந்தக் கல்லில் எங்கோ ஒரு குடும்பத்தின் நிலம் போன கதை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாலே போதும். பழுவூருக்குப் போனால் இரட்டைக் கோயிலையும் மறக்காமல் பாருங்கள். பெரிய பழுவேட்டரையரைத் திட்டியவர்கள் அங்கே இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: நூலகத்தின் நான்காம் பாகம் யார் வீட்டில் இருக்கிறதோ, தயவுசெய்து அலமாரிக்குத் திருப்பிக் கொடுங்கள். மணிமகுடத்துக்காக இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.